எல்லாம் தெற்கிலிருந்து வந்த மாதம்

“அப்பா, உங்க ரேடியோவுக்கு யார் ஓனர்?” என்று போன வாரம் காரில் பின் சீட்டிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். இங்கிலீஷில்தான் கேட்டீர்கள். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் ஃப்ரீவே எக்ஸிட்டைத் தவறவிட்டு, அடுத்த எக்ஸிட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து, பல் டாக்டரிடம் லேட்டாகப் போய், அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அந்தப் பதில் பாதியிலேயே நின்றுவிட்டது. நீங்கள்தான் இப்போது தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்களே, அதனால் எழுதியே தருகிறேன். புரியாத வார்த்தை வந்தால் அம்மாவைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன் என்று அவள் சொல்கிறாள்.

நம் ஊர் கேட்டியில் வீடுகள் எல்லாம் முடிந்து மாடு மேய்கிற வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் ஒரு டவர் நிற்கிறது அல்லவா, அதன் அடியில் இருக்கும் தகரக்கூரைக் கட்டடம்தான் எங்கள் ஸ்டேஷன். அது ஒரு டெக்ஸஸ் தாத்தாவுடையது. பாட்டுப் போட்டு விளம்பரம் வாங்கிப் பிழைக்கிற காலம் அந்த மாதிரிச் சின்ன ஸ்டேஷன்களுக்குப் போய்விட்டது. அதனால் அவர் நேரத்தை வாடகைக்கு விடுவார். விடியற்காலை ஸ்பானிஷ் பிரசங்கம், அப்புறம் வியட்நாம்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை தமிழ். தமிழ் நேரத்துக்கு நம் தமிழ்ச் சங்கம் வாடகை கட்டும். பேசுவது நான்.

ஏன் நான் என்று கேட்பீர்கள். சங்கத்தில் எல்லோரும் ஆயில் கம்பெனி எஞ்சினியர், கம்ப்யூட்டர்காரர். நான் பன்னிரண்டாவதும் ஐ.டி.ஐ.யும் படித்துவிட்டு, உங்கள் அம்மாவின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். வால்வு கோடவுனில் சூப்பர்வைசர். ஆனால் கரூரில் மைக் செட் கடையில் வேலை பார்த்தபோது, திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை அறிவித்துப் பழகிய தொண்டை எனக்கு. சங்கத்தில் வேறு யாருக்கும் அந்தத் தகுதி கிடையாது.

ஒரு விஷயம் சொல்கிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். வாரம் முழுக்க கோடவுனில் நான் பேசுவதற்கு முன்னால் மனதுக்குள் இங்கிலீஷை அடுக்கி, சரிபார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார். ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் அந்த அடுக்குகிற வேலை கிடையாது. வாயைத் திறந்தால் போதும், வந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் போனால் எனக்கு வாரமே இல்லை. அதுதான் போகப் பார்த்தது.

நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பிறந்தநாள் வாழ்த்து. அப்புறம் ராசிபலன். பிறகு ஒரு சமையல் குறிப்பு, பிள்ளைகளுக்கு வினாடி வினா. கடைசி அரை மணி நேரம் நேயர்கள் போனில் பேசுவார்கள். பேசுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை போடுவார்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று ஆரம்பித்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து, எங்கள் ஊர்க்காரர்களை மதுரைக்காரர்கள் ஒரு பிடி பிடிப்பார்கள். நான்கு லைனிலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டெக்ஸஸ் தாத்தாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் காபியை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யார் ஜெயிக்கிறார்கள் என்று என்னிடம் சைகையில் கேட்பார்.

ஒரு ஞாயிறு நான் போனபோது கூரையில் ஆட்கள் ஏறித் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே புது மேஜை, புது கெட்டில். தாத்தா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: சீனாவிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஸ்டேஷனின் மொத்த நேரத்தையும் குத்தகைக்கு எடுத்துவிட்டதாம். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே ரேடியோ லைசென்ஸை அப்படியே வாங்கிவிட முடியாது, அதனால் லைசென்ஸ் தாத்தா பெயரிலேயே இருக்குமாம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் பட்டா தாத்தா பேரில், வெள்ளாமை அவர்களுக்கு. இனிமேல் அவர்களுடைய செய்தி, அவர்களுடைய வியாபார நிகழ்ச்சி எல்லாம் ஓடும். தமிழுக்கு என்ன செய்வது என்று புது மேனேஜர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

நான் இதைச் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஸ்டேஷனில் மூன்று உளவாளிகள் இருப்பதாகவும், நம் ராசிபலன்கள் ஒட்டுக்கேட்கப்படுவதாகவும் எனக்குத் தெரியவந்தது. ஒருவர் தன் வீட்டில் தரை பெருக்கும் சீன ரோபோவைத் துணி போட்டு மூடிவைத்திருக்கும் போட்டோ அனுப்பினார்.

சங்கத் தலைவர் ரிட்டயர்ட் எஞ்சினியர், மெட்ராஸ்காரர். அவர் தன் வீட்டு கராஜில் அவசரக் கூட்டம் போட்டார்.

“முதல்ல மரியாதை பண்ணிடுவோம்பா. பொன்னாடை போத்திடலாம். பொன்னாடை போத்தினவனை யாரும் வெளிய தள்ள மாட்டான்” என்றார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் பொன்னாடையும் மாலையுமாகப் போனோம். மேனேஜர் என்றால் கோட்டுப் போட்ட பெரிய ஆள் என்று நினைத்திருந்தோம். முப்பது வயதுப் பெண். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். தலைவர் பத்து நிமிடம் இங்கிலீஷில் இரண்டு பழம்பெரும் நாகரிகங்களைப் பற்றிப் பேசி முடித்து, ஜரிகை வைத்த பொன்னாடையைப் போர்த்தினார். அந்த அம்மா இரண்டு கையாலும் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “தேங்க்யூ, இங்கே ஏசி ரொம்ப அதிகம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஸ்டுடியோவில் அந்தப் பொன்னாடையோடுதான் உட்கார்ந்திருப்பார். “பாத்தியா, ஏத்துக்கிட்டாங்க” என்றார் தலைவர். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. எங்கள் கோடவுனிலும் ஏசி அதிகம்தான்.

தலைவர் அதோடு நிற்கவில்லை. “அந்த நாட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. திட்டவும் வேணாம், புகழவும் வேணாம். புகழ்ந்தா கிண்டல் பண்றோம்னு நெனச்சுட்டா?”

அப்போதுதான், பிள்ளைகளே, ஒரு தமிழ் நிகழ்ச்சியில் சீனா எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரச் சமையல் குறிப்பு கோபி மஞ்சூரியன். எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ரசம். வினாடி வினாவில் உலகத்திலேயே நீளமான சுவர் எது என்ற கேள்வியை எடுத்தேன். பட்டாசை முதலில் செய்த நாடு எது என்ற கேள்வியைத் தலைவரே திருத்தி, ஊர் எது என்று மாற்றி, சிவகாசி என்று பதில் எழுதித் தந்தார். ஒரு குழந்தை போனில் கூப்பிட்டுச் சரியான பதிலைச் சொன்னது. “தப்பும்மா, சிவகாசி” என்று சொன்னேன். அந்தக் குழந்தையின் அப்பா வரலாற்று வாத்தியாராம். பிறகு என்ன ஆனது என்று கேட்க வேண்டாம்.

ஆனால் பெரிய தொல்லை ராசிபலனில் வந்தது.

நம் ஜோசியர் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறார். மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ராசிபலனைப் போனில் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். கும்ப ராசிக்கு வரும்போது பெரும்பாலும் ரயிலும் வந்துவிடும். அதனால் மீன ராசிக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் சுருக்கமாகத்தான் பலன். அந்த வாரம் அவர் அனுப்பியதில், “கடக ராசி அன்பர்களே, கிழக்கிலிருந்து வரும் ஒருவரால் தொழிலில் நெருக்கடி” என்று இருந்தது.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “கிழக்குன்னா யாரு? சின்னப் புள்ளைக்கே தெரியுமே! மாத்தச் சொல்லு.”

நான் ஜோசியருக்கு போன் போட்டேன்.

“அண்ணா, நான் என்ன பெயின்டா அடிக்கறேன், கலரை மாத்த? கிரகம் நிக்கற இடம் அது” என்றார் ஜோசியர்.

“ஒரு நாலு வாரத்துக்குங்க. மேற்குன்னு போட்டுக்கலாங்களா?”

ரயில் சத்தம் கேட்டது. “என்னவோ போட்டுக்கோங்க, எனக்கு ட்ரெயின் வந்துடுச்சு!”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நான் இதைச் சொன்னபோது, பெரியவளே, நீதான் தோசையைப் பிட்டுக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாய்: “அப்பா, நாம் டெக்ஸஸில் இருக்கிறோம். இங்கிருந்து சைனா மேற்கே. பசிஃபிக்கைத் தாண்டினால் வந்துவிடும்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதுவரை கரூரில் நின்றுகொண்டுதான் உலகத்தைப் பார்த்திருக்கிறேன். சரி, வடக்கு என்று போட்டுவிடலாம் என்றேன். உடனே சின்னவன் ஐபேடைக் காட்டினான். இங்கிருந்து அந்தப் பக்கம் போகிற விமானமெல்லாம் நேராக வடக்கே ஏறி, அலாஸ்கா வழியாக வளைந்து போகிறது.

மிச்சம் இருந்தது தெற்கு ஒன்றுதான்.

அந்த மாதம் பலனை மாற்றி எழுதி நானே படித்தேன்; பன்னிரண்டு ராசிக்கும் நல்லது கெட்டது எல்லாம் தெற்கிலிருந்தே வந்தது. மேஷத்துக்குத் தெற்கிலிருந்து பணவரவு. ரிஷபத்துக்குத் தெற்கிலிருந்து மனக்கசப்பு. கன்னி ராசிப் பெண்களுக்குத் தெற்கிலிருந்து வரன். தெற்கு எமனுடைய திசை என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒரு ஆன்ட்டி ஸ்டேஷன் போனில் என்னைப் பிடித்துக்கொண்டு, “ஏன் தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சு விளக்கேத்திட்டு ரேடியோ போட்டா, ஒரே எமன் திசையா சொல்றீங்களே, நல்லாருக்கா?” என்றார். இன்னொருவர் தெற்குப் பார்த்த வீடு ஒன்றுக்கு ஆஃபர் கொடுத்திருந்தார். வாபஸ் வாங்கிவிட்டார். வேறொருவர், பணவரவு ராசிக்காரர், அதே வீட்டுக்கு ஆஃபர் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் சகலைகள். இன்றைக்கும் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை.

நேயர் அரட்டையையும் தலைவர் விடவில்லை. வாழ்த்து மட்டும் சொல்லலாம், வேறு எதுவும் வேண்டாம் என்று குரூப்பில் போட்டுவிட்டார். முதல் வாரம் எட்டுப் பத்துப் பேர் கூப்பிட்டு, “அனைவருக்கும் வாழ்த்துகள்” என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் ஒரு விளக்கும் எரியவில்லை. ரசம் வைப்பது எப்படி என்று நானே இரண்டாம் தடவை சொல்லி நேரத்தைக் கழித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். அவரும் மனதுக்குள் இங்கிலீஷை அடுக்கித்தான் பேசுவார். அவர் அடுக்கி முடிக்கும்வரை நான் தலையாட்டுவேன். நான் அடுக்கும்போது அவர் தலையாட்டுவார்.

“உங்கள் நேரத்தில் என்ன ஆயிற்று? நான்கு லைனிலும் சண்டை நடக்கும் என்று ஓனர் சொன்னார். அதற்காகத்தான் நான் இதை வைத்திருந்தேன். யாரும் கேட்காத ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஞாயிறு கடைசி” என்றார்.

நான் கப்பைக் கீழே வைத்தேன். “மேடம், உங்கள் நாட்டைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அப்படி யாராவது உங்களிடம் சொன்னார்களா?”

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. தலைவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் என்னிடம் சொன்னார், நான் ஜோசியரிடம் சொன்னேன், எல்லோருமாகச் சேர்ந்து கிரகங்களையே நகர்த்தி வைத்துவிட்டோம்.

காரிலிருந்தே தலைவருக்கு போன் போட்டேன்.

“ஒரு வார்த்தை தப்பா விழுந்தா நம்ம நேரம் போயிடும்பா” என்றார்.

“வார்த்தையே விழாமதானுங்க சார் போகப்போகுது. அடுத்த வாரத்தோட முடிச்சுக்கச் சொல்லிட்டாங்க.”

அந்தப் பக்கம் கராஜ் கதவை இறக்கி மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், “உன் இஷ்டம்பா. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதே” என்றார்.

கடைசி ஞாயிறு. மேனேஜர் பொன்னாடையோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் தாத்தா. ராசிபலனை ஜோசியர் அனுப்பியபடியே போட்டேன். அதில் நான்கு திசையும் இருந்தது, ரயிலும் இருந்தது. பத்தரைக்கு மைக்கை நெருங்கிச் சொன்னேன்: “நேயர்களே, இன்னிக்கு எந்தப் பேச்சுக்கும் தடை இல்லீங்க. முன்னே மாதிரி பேசுங்க. நீங்க பேசலேன்னா அடுத்த வாரம் நானும் பேச மாட்டேன்.”

விளக்கு எரியவில்லை. டவரில் காற்று அடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. தாத்தா காபியைக் கீழே வைத்துவிட்டார். பட்டாசு ஊர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கலாமா, இல்லை ரசத்தையே மறுபடியும் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, லைன் ஒன்று எரிந்தது.

“ஹலோ, தமிழ் ரேடியோங்களா? நான் கேட்டியிலிருந்து ஒரு நேயர் பேசறேனுங்க.”

உங்கள் அம்மா! எனக்குத் தெரியாத மாதிரியே, “வணக்கம், சொல்லுங்கம்மா” என்றேன்.

“கோபி மஞ்சூரியன் சொல்லித் தர்றோம்னு ஒரு மாசம் முன்னாடி சொன்னீங்க. காலிஃப்ளவர் வாங்கி வெச்சேன். நீங்க பாட்டுக்கு ரசம், ரசம்னு சொல்லிட்டிருக்கீங்க. ஊர்ல யாருக்குங்க ரசம் வெக்கத் தெரியாது? அந்தக் காலிஃப்ளவர் கறுத்துப் போச்சு. அறிவிப்பாளர் சாருக்கு வீட்ல யாரும் எதுவும் சொல்றதில்லீங்களா?”

“சொல்வாங்கம்மா” என்றேன். “சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க.”

“அப்ப கேட்டுக்கங்க. சோள மாவுல பிரட்டிப் பொரிச்சு, பச்சை மிளகாயும் தக்காளி சாஸும் போட்டா ஆச்சு. இதுல என்ன ரகசியம்?”

அவள் போனை வைக்கும் முன்பே லைன் இரண்டு. ஒரு மதுரைக்காரம்மா. “சோயா சாஸ் ஊத்தாம என்ன மஞ்சூரியன்? அந்த அம்மா கோயமுத்தூர்ப் பக்கமா? அதான!” லைன் மூன்று எரிந்தது. லைன் நான்கு எரிந்தது. தாத்தா எழுந்து நின்று கையைத் தூக்கினார், அவருடைய டீம் கோல் போட்ட மாதிரி. மேனேஜர் ஸ்பீக்கரில், “எதைப் பற்றி?” என்று கேட்டார். பாட்டு போட்டுவிட்டு, காலிஃப்ளவரில் செய்யும் சீனப் பலகாரம் என்றேன். “எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாதே” என்றார். அதை அப்படியே ரேடியோவில் சொன்னேன். அவ்வளவுதான், போன் தீப்பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் நம்மை ஏமாற்றியவன் யார் என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாய் வந்தார். உங்களுக்குத் தெரியும், நம் வீட்டுப் பக்கத்தில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறாரே, உங்களுக்குச் சாக்லேட் தருவாரே, ராமநாதபுரம் கடற்கரைக்காரர், அவர்தான்.

“தம்பி, நான் காலிஃப்ளவருக்கு வரல. அக்கரையில, இலங்கையில, ஹம்பாந்தோட்டையில துறைமுகம் கட்டுனாங்க. கடன் குடுத்தது சைனா. கடைசியில துறைமுகமே நீண்ட குத்தகைக்குப் போச்சு. எங்க மச்சான் அந்த ஊர்ப்பக்கம் கடை வெச்சிருக்கார், அவருக்குத் தெரியும். இப்ப நம்ம ரேடியோவும் குத்தகைக்குப் போயிருக்கு. இதை யாராவது பேசணுமா வேணாமா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சைனா என்பதும் அந்த ஊர்ப் பெயரும் தமிழில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் ஒன்றுதானே.

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் மூன்றில் தலைவர்! ஒரு மாதம் எங்கள் வாயைக் கட்டிவைத்த அதே தலைவர்.

“பாய், நான் கேக்கறேன். போன வருஷம் மழையில ஸ்டுடியோ கூரை ஒழுகி, தம்பி குடை புடிச்சுக்கிட்டு வாழ்த்துப் படிச்சான். அப்ப எத்தனை பேர் வந்தீங்க? இவங்கதான் வந்து கூரையை மாத்தினாங்க. இங்க வேற எவனும் பத்து பைசா போடத் தயாரா இல்லை!”

“கூரை போட்டதுக்கு தேங்க்ஸ் சொல்லுவோம் சார். அதுக்காக நம்ம வாய்க்கும் சேத்துக் கூரை போட்டா எப்படி? நீங்கதான சார் குரூப்ல போட்டீங்க, வாழ்த்து மட்டும் சொல்லுங்கன்னு?”

“அது… அது பாதுகாப்புக்குப்பா!”

பதினொரு மணி ஆகியும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காரர் கதவைத் தட்டியபிறகுதான் நான் லைனைக் கட் பண்ணினேன்.

மேனேஜர் என்னைப் புது மேஜைக்குக் கூட்டிப்போனார். வெந்நீர் கொடுக்கவில்லை. “அந்தத் துறைமுகத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?” என்றார்.

சொன்னேன். பாய் சொன்னது, தலைவர் சொன்னது, இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் அடுக்கிச் சொன்னேன். அவர் பொன்னாடையின் ஜரிகையைத் திருகிக்கொண்டே கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “கலிஃபோர்னியா ஆபீஸில் என் பாஸிடம் நான் இன்று பேச வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று சொல்லிவிடலாமா?”

“பாஸ் அப்படிச் சொல்லச் சொன்னாரா மேடம்?”

“இல்லை. அவர் எதுவும் சொன்னதில்லை.”

நான் அவரைப் பார்த்தேன். ஒரு மாதம் முன்னால் கராஜில் தலைவருக்கு இருந்த அதே முகம். “பாய் மீனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை மேடம்” என்றேன். “நடந்ததைச் சொல்லுங்கள். எங்கள் நேரம் போவதானால் உண்மையைச் சொல்லியே போகட்டும்.” சொல்லிவிட்டேனே தவிர, அது போனால் என் வாரமும் அதோடு போய்விடும்.

அவர் என் எதிரிலேயே பாஸை வீடியோவில் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் ரொம்ப நேரம் பேசினார்கள். இத்தனை நாள் மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்களை எப்படிக் கேட்டிருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா குரல் தாழ்ந்தால் நானும் தலையைத் தாழ்த்தினேன். பாஸ் சிரித்தால் நானும் சிரித்தேன். அது நல்ல சிரிப்பா என்று தெரியாது.

போனை வைத்துவிட்டுச் சொன்னார். “எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். நான்கு லைனும் நிரம்பியது, லைன் கிடைக்காமல் ஆட்கள் காத்திருந்தார்கள் என்றேன். மற்றதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் நேரம் இருக்கட்டும் என்றார்.”

நான் எழுந்தே விட்டேன்.

“உட்காருங்கள். ஒரு நிபந்தனை. இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்றால், எங்கள் இங்கிலீஷ் செய்தி உங்கள் நேரத்துக்கு நடுவில் ஓட வேண்டும். இரண்டு நிமிடம்.”

அந்தச் செய்தியை நான் கேட்டிருக்கிறேன். நல்ல குரல். புதுப் பாலம், புதுத் துறைமுகம், புது ரயில். பாயுடைய மச்சான் மாதிரி ஆட்கள் அதில் வரவே மாட்டார்கள். வேண்டாம் என்றால் என் நேரம் இல்லை. சரி என்றால் அந்தக் குரல் என் குரலுக்கு நடுவே உட்காரும். இங்கிலீஷை அடுக்க எனக்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் அது யாருடைய செய்தி என்று நான் தமிழில் சொல்வேன். தினமும் கோடவுனில் பெட்டி வந்தால் எங்கிருந்து வந்தது என்று ஒட்டித்தான் உள்ளே வைப்போம். அது மாதிரி.”

“என்ன சொல்வீர்கள்? முதலில் இங்கிலீஷில் சொல்லுங்கள்.”

சொன்னேன். இது இந்த ஸ்டேஷனின் நேரத்தைக் காசு கொடுத்துக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சீனக் கம்பெனி தயாரித்த இரண்டு நிமிடச் செய்தி. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அவர் ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்தார். பிறகு, “ஒரு திருத்தம்” என்றார். நான் காத்திருந்தேன். “செய்தி இரண்டரை நிமிடம்.”

அடுத்த ஞாயிறு அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இரண்டரை நிமிடம் என்றே சொன்னேன். செய்தி ஓட ஆரம்பித்தது. அது ஓடும்போதே விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. முடிந்ததும் லைன் ஒன்றை எடுத்தேன். எமன் திசைக்குச் சண்டைக்கு வந்த அதே ஆன்ட்டி.

“தம்பி, அந்த இங்கிலீஷ் செய்தியைக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்க.”

“அவ்வளவு நல்லாவா இருக்குங்க ஆன்ட்டி?”

“நான் எங்க கேட்டேன்? உங்க சண்டையை விட்டுட்டு அடுப்புக்குப் போக முடியல. அது ஓடற நேரத்துல ரெண்டு தோசைதான் ஊத்த முடியுது. வீட்ல நாலு பேர் இருக்கோம்.”

மேனேஜர் ஸ்பீக்கரில், “செய்தியைப் பற்றியா? என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார். நீளமாக வேண்டுமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் ஃபிளாஸ்க்கை மூடி ஓரமாக வைத்தார். பிறகு பொன்னாடையை வாய்மேல் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தாத்தா ஓடிவந்து யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. லைன் இரண்டில் பாய், செய்தியில் வந்த ஒவ்வொரு பாலத்தையும் பற்றிப் பேசுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க பாய்” என்றேன். “பேசுங்க.”